முருங்கை எண்ணெயைப் பாசிக் கணக்கில் எழுதினேன்

அறிக்கையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்தது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

மண்ணூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையப் (எஸ்டிபி) பொறுப்பு எனக்கு. சுத்திகரித்த தண்ணீரில் மிஞ்சும் நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் குளோரெல்லா என்னும் பாசியை வளர்த்து, டீசலுக்கு எண்ணெய் எடுக்கலாம் என்று நிர்வாகத்துக்கு ஆசை காட்டியவனும் நானே. இராணிப்பேட்டையில் ஆல்ஜினேட் ஆலைக் கழிவுநீரையே பாசி சுத்தம் செய்யும்போது நமக்கென்ன என்றேன்.

வளர்ப்பது எளிது, அறுவடைதான் வம்பு. புதுக்கோட்டை ஊனையூரில் வளர்க்கும் ஸ்பைருலினா இழையாக இருக்கும், துணியில் வடித்துவிடலாம். குளோரெல்லா பொடி உருண்டை, துணியில் நிற்காது. லிட்டருக்கு ஒரு கிராம்கூடத் தேறாத பாசிக்கு சென்ட்ரிபியூஜ் ஓட்டினால் கரண்ட் பில்லுக்கே கட்டுப்படியாகாது. ஆலம் (படிகாரம்) போட்டால் அலுமினியம் பாசியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் பாசியைத் திரட்ட முருங்கை விதைக்கு வந்தேன்.

ஓட்டை உடைத்து, வெள்ளைப் பருப்பை மிக்ஸியில் அரைத்து, உப்புத் தண்ணீரில் கரைத்தேன். வடிகட்டச் சோம்பல், அப்படியே ஊற்றினேன். முதலில் வேகமாக, பிறகு மெல்லக் கலக்க வேண்டும். பாசிச் செல்லுக்கு எதிர்மின்னூட்டம், விதைப் புரதத்துக்கு நேர்மின்னூட்டம். பச்சை திரிதிரியாகத் திரண்டு பீக்கரின் அடியில் உட்கார்ந்தது. பார்க்க வந்த மேலாளர் கைதட்டினார். என் புத்தி கெட்டதும் அப்போதுதான்.

முருங்கைப் பருப்பில் 35 முதல் 40 சதவீதம் எண்ணெய். என் பாசியில் அதில் பாதி இருந்தாலே அதிகம். பாசியின் எடைக்கு ஏறக்குறையச் சமமாகப் பொடி போட்டிருந்தேன். ஆக, கிடைத்த எண்ணெயில் பெரும்பகுதி விதையினுடையது. ஆய்வக அறிக்கையும் அதைத்தான் காட்டியது: ஒலியிக் அமிலம் மிக உயரமாக, பக்கத்தில் பெஹெனிக் அமிலம். பெஹெனிக் முருங்கை எண்ணெயின் அடையாளம். குளோரெல்லாவில் அதற்கு வேலையில்லை. அந்தப் பக்கத்தை உருவிவிட்டு, மொத்த அளவையும் 'பாசி எண்ணெய்' என்று எழுதிப் பாராட்டும் வாங்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், மறைக்கத் தேவையே இல்லை. எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கிலும் அந்தப் புரதம் மிஞ்சும். பாசியைத் திரட்ட அது போதும். எண்ணெயைத் தனியே விற்றிருக்கலாம். திரண்ட பாசியைக் காயவைக்காமல் ஈரமாகவே உயிரி எரிவாயுக் கலனுக்கு அனுப்பியிருக்கலாம். அதைச் சொல்ல என் பழைய எண்ணைத் திருத்த வேண்டியிருந்தது, திருத்தவில்லை.

இயற்கைத் திரட்டியைப் போட்டு இவ்வளவு பாசி எண்ணெய் எடுத்தோம் என்று யார் கணக்குக் காட்டினாலும், பாசியே சேர்க்காமல் விதையை மட்டும் பிழிந்த கணக்கையும் கேட்டு வாங்குங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.