ராட்டினம் ஏறாத அப்பத்தா

சித்திரை வெயில் சாய்ந்ததும் தமுக்கம் மைதானத்தில் தண்ணி லாரி வந்து புழுதியை அடக்கும். அந்த ஈரமண் வாசனையோடு மிளகாய் பஜ்ஜி எண்ணெயும் ஜெனரேட்டர் டீசல் புகையும் கலந்து வரும். கோரிப்பாளையம் தாண்டும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும், பொருட்காட்சி போட்டாச்சு என்று. நீங்களும் அந்தக் கூட்டத்தில் யார் கையையாவது பிடித்துக்கொண்டு நடந்தவர்தானே.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய பிறகும் மதுரைக்குத் திருவிழாவை மிச்சம் வைத்தது அந்தப் பொருட்காட்சிதான். வாசலில் நுழைவுச் சீட்டுக்குச் சில்லறைதான் ஆகும். உள்ளே காவல்துறை, சுகாதாரத்துறை, வனத்துறை என்று வரிசையாக அரசு அரங்குகள். பார்க்கக் காசு கிடையாது. அப்பத்தா ஒன்றையும் விடமாட்டாள். வேளாண்துறை அரங்கில் நெல்லை உள்ளங்கையில் அள்ளி, மோந்து பார்த்து, "இது நம்ம பக்கத்து நெல்லு இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். ராட்டினம் பக்கம் மட்டும் வரமாட்டாள். "எனக்குத் தல சுத்தும்டா, நீங்க ஏறுங்க." அவளுக்கு ஆன செலவு வாசல் சீட்டோடு சரி.

யோசனையெல்லாம் எங்களுக்குத்தான். ஆளுக்கு ரெண்டே தடவைதான் என்று சித்தப்பா முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுவார். குடை ராட்டினமா, பெரிய ராட்டினமா, மரணக் கிணறா? மைதானத்தை முழுக்கச் சுற்றி, ஏறி இறங்கியவர்கள் முகத்தையெல்லாம் பார்த்த பிறகுதான் முடிவு. இதோ, மரணக் கிணற்றின் விளிம்பில் நிற்கிறோம். காலுக்குக் கீழே பலகை அதிர்கிறது. பைக் சுவரில் சுற்றிச் சுற்றி மேலே ஏறி வருகிறது, பெட்ரோல் நெடி முகத்தில் அடிக்கிறது. பக்கத்திலிருந்தவர் நீட்டிய ரூபாய்த் தாளை ஓட்டுகிறவர் ஒரு கையால் பறித்துக்கொண்டு இறங்குகிறார். அம்புட்டுப் பேரும் விசிலடிக்கிறோம்.

அப்புறம் ஒரு ஓரமாகப் போர்வையை விரித்து, தூக்குச்சட்டியைத் திறந்தால் புளியோதரை. ஒரே ஒரு டெல்லி அப்பளம் வாங்கி எல்லாரும் ஒடித்துக்கொள்வோம். மிளகாய்ப்பொடி விரலில் ஒட்டியிருக்கும், அதையும் நக்கிவிடுவோம். திரும்பி நடக்கும்போது ஏ.வி. பாலம் நெடுக ராட்டினப் பேச்சுதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சித்தப்பா தீர்ப்புச் சொல்வார்: "குடுத்த காசுக்குப் பழுதில்ல."

இன்று தமுக்கத்தில் மாநாட்டு மையக் கட்டடம் நிற்கிறது. பிள்ளைகள் கேட்பது தீம் பார்க். செல்போனிலேயே டிக்கெட் எடுக்கிறோம். பல பூங்காக்களில் வேலை நாளுக்கு ஒரு விலை, விடுமுறைக்கு ஒரு விலை. பிள்ளைக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்பதை வயதைக் கேட்டுச் சொல்வதில்லை, சுவரில் நிறுத்தி உயரம் அளக்கிறார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்த நுழைவுக் கட்டணத்துக்கு 28 சதவீத வரி. 2018 ஜனவரியில் 18 ஆனது. உள்ளே போனால், கூடுதலாகக் கட்டியவர்களுக்குத் தனி வரிசை. பையைச் சோதித்துச் சாப்பாட்டை வெளியே வைக்கச் சொல்கிறார்கள். தயிர்சாத டப்பாவை வெளியே வைத்துவிட்டு நுழைவது எனக்கு இன்னும் பழகவில்லை.

தீம் பார்க்கில் ஒரே டிக்கெட்டில் எல்லாச் சவாரியும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. இயந்திரப் பராமரிப்பு, மின்சாரம், குளத்தோரம் நிற்கும் காவலர் சம்பளம் எல்லாம் அதில்தான் வரவேண்டும். பிள்ளையும் அப்பன் முகத்தைப் பார்க்காமல் திரும்பத் திரும்ப ஏறலாம். 1955-இல் திறந்த கலிபோர்னியா டிஸ்னிலேண்டே முதலில் நம்ம பொருட்காட்சி மாதிரிதான் நடந்தது. வாசலுக்கு ஒரு விலை, ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு விலை. சவாரிக்கான சீட்டுப் புத்தகங்களை 1982-இல்தான் நிறுத்தினார்கள்.

ஆனால் கட்டிய பணம் பிள்ளைகளை விரட்டுகிறது. "இன்னும் நாலு பாக்கி, வாங்கப்பா" என்று ஓடுகிறார்கள். இறங்கியவர் முகத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஒரு தடவை அம்மாவையும் கூட்டிப்போனோம். அவளுக்கு முழங்கால் வலி. செருப்புகளுக்கும் ஈரத்துணிப் பைகளுக்கும் காவலாகப் பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். மூத்தோர் சலுகை போக மீதி, ஏறுகிறவர்கள் கட்டும் அதே கணக்கில்தான் வாங்கினார்கள். வீடு வந்ததும் எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த தடவை நான் வரலப்பா என்றாள்.

பூங்கா நடத்துகிற ஐயாமாரே, வாசலில் இன்னொரு சிறிய சீட்டு வையுங்கள். எதிலும் ஏறாமல், பேரப்பிள்ளைகளைப் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு. விலை ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாண்டக் கூடாது.