வாப்பாவின் கோட்டு

நோட்டன் பிரிட்ஜில் குளிர் தனியாக வராது, மழையோடுதான் வரும். 1965இல் விமலசுரேந்திர மின்நிலையம் வந்த ஊர்தான். ஆனாலும் எங்கள் உடுப்புகள் காய்ந்தது அடுப்படியில்.

வாப்பா சாரத்துக்கு மேல் பழைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு சுபஹுக்குப் போவார். பருத்தி நனைந்தால் குளிரும், கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும் என்பார். சப்பாத்து வாங்கும்போது அடியைத்தான் முதலில் பார்ப்பார். "பாசியில வழுக்கினா அழகு எதுக்கு மகன்?" நனைந்த சப்பாத்தை அடுப்பில் காட்ட விடமாட்டார், தோல் வெடித்துவிடும் என்று. கடதாசி திணித்து நிழலில் வைப்பார்.

கொழும்பில் வாங்கிய முதற்சம்பளத்தில் அவருக்குப் புதுக்கோட்டு எடுத்தேன். நல்ல பளபளப்பு, கம்பளியில்லை. விரலால் தடவிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பெருநாளைக்குப் போட்டார். மறுநாள் சுபஹுக்குப் பழையதே.

அவர் மௌத்தாகி வருடங்களாயிற்று. புதியது பெட்டிக்குள் கிடக்கிறது. பழையதை நான் போடுகிறேன். தோளில் கொஞ்சம் இறுக்கம்.