கூட்டுத்தொகை குறையவில்லை

பேஸ்பால் பற்றி எழுதுகிறேன் என்றதும் விடுதி நண்பர்கள் நகைத்தனர். அந்த மட்டையை நான் தொட்டதில்லை; புள்ளியியல் மாணவன் ஆதலால் கணக்கு ஈர்த்தது. 2019-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியில் 30 வீரர்கள் காயப் பட்டியலில் இடம்பெற்றனர். ஆயினும் அணி 306 ஹோம் ரன் (நம் சிக்ஸர் போன்றது) அடித்தது! வியந்தேன். பிறகுதான் ஆண்டுஹார் கண்ணில் பட்டார். முந்தைய ஆண்டு 27 அடித்தவர், தோளில் காயமுற்று 12 ஆட்டங்களோடு நின்றார். அவரிடத்தில் ஆடிய உர்ஷெலா 21 அடித்தார். ஆண்டுஹாருக்கோ அவ்வணியில் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை.

அப்பா பனையிலிருந்து விழுந்த ஆண்டு, அம்மா செங்கல் சூளைக்குப் போனார். வீட்டு வரவு குறையவில்லை. என் கல்லூரிக் கட்டணமும் நிற்கவில்லை. சனிக்கிழமை மாலை அம்மா கூலியை நீட்டினால் அப்பா கைநீட்ட மாட்டார். "அங்கேயே வை" என்பார்.