பாடத்தில் இல்லம்மா

2022-ஆம் வருடம், பிளஸ் டூ லேப் பீரியட். ஒரு மாணவி திரையைக் காட்டி, "சார், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா 0.3 தானே வரணும்? சமமான்னு கேட்டா ஃபால்ஸ்னு காட்டுது" என்றாள். கூட்டுத்தொகையைத் தனியாகவும் அச்சிட்டுப் பார்த்திருந்தாள். 0.30000000000000004. வால் போல ஒரு 4 கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று அவளிடம் சொல்லவும் இல்லை. "அதெல்லாம் பாடத்துல இல்லம்மா. ஃபேக்டோரியல் புரோகிராம் முடிச்சியா? அதைப் பாரு" என்றேன். அவள் திரையை அழித்துவிட்டு உட்கார்ந்தாள்.

தென்மாவட்டத்து அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் பதினெட்டு வருடமாகக் கணினி அறிவியல் நடத்துகிறேன். நான் வேலைக்கு வந்தபோது பிளஸ் டூவில் ஸ்டார் ஆஃபீஸும் சி++-ம் இருந்தன. 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் 2019-இல் பிளஸ் டூவுக்கும் புதுப் புத்தகம் வந்தது. பிளஸ் டூவுக்குப் பைத்தான் வந்துவிட்டது. முந்தின இரவு படித்து மறுநாள் நடத்தினேன். அதில் குற்றம் ஒன்றுமில்லை, எத்தனையோ ஆசிரியர்கள் அப்படித்தான் கரையேறினார்கள். ஆனால் அவர்களில் பலர் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். நான் என் அறியாமையை மூடி மறைத்தேன். கேள்வி கேட்கும் பிள்ளையைக் கண்டாலே எனக்குக் கோபம் வந்தது. அது பயம் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய தப்பும் செய்திருக்கிறேன். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த இருபதைக் காப்பாற்றுவதற்காக, புத்தகத்தின் பின்னால் இருக்கும் செய்முறைகளை வரி பிசகாமல் மனப்பாடம் செய்யச் சொன்னேன். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி தப்பினால் நிரலே ஓடாது. அது ஏன் என்று விளக்காமல் "நாலு ஸ்பேஸ் விடு" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வருடம், தடுமாறும் பிள்ளைகள் உட்காரப்போகும் கணினிகளில் முந்தின நாளே நிரலை நானே ஏற்றி வைத்தேன். அவர்கள் திறந்து ஓட்டிக் காட்டினார்கள், முழு மதிப்பெண் வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உதவுகிறேன் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். உண்மையில் நூறு சதவீதத் தேர்ச்சிப் பலகையில் என் பாடம் விடுபட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

எங்கள் பள்ளிக்கு அடல் டிங்கரிங் லேப் கிடைத்திருந்தது. ஒரு பள்ளிக்கு இருபது லட்சம் வரை கொடுக்கும் திட்டம் அது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பிள்ளைகள் தாங்களே தொட்டு, கழற்றி, மாட்டிப் பழக வேண்டும் என்பதற்கான பணம். அர்டுயினோ போர்டுகள், பிரெட்போர்டு, சென்சார்கள், ஜம்பர் ஒயர்கள் எல்லாம் வந்து இறங்கின. பொறுப்பு என்னிடம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் வரிசையாக எண் போட்டு எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆய்வுக்கு யாராவது வரும் நாளில் மட்டும் ஒரு போர்டு வெளியே வரும். எல்.இ.டி. ஒன்று விட்டு விட்டு எரியும். அந்த நிரலைக்கூட, கிட் கொண்டுவந்தவர் போட்டுக்கொடுத்துப் போனதுதான்.

அப்படி ஓர் ஆய்வு முடிந்த சாயங்காலம், அதே மாணவி, "நான் ஒரு தடவை பண்ணிப் பார்க்கவா சார்?" என்று கேட்டாள். அன்றைக்கு மனம் நிறைந்திருந்ததால் சரி என்றேன். அவள் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை எடுத்து, ஒரு காலை ஐந்து வோல்ட்டிலும் மறுகாலைத் தரையிணைப்பிலும் நேரடியாகச் செருகினாள். ஒரு நொடி வெளேரென்று எரிந்து, மஞ்சளாகிக் கருகியது. தீய்ந்த வாசனை. அவள் முகத்தில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

அங்கே ஓர் அருமையான பாடம் காத்திருந்தது. சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய இரண்டு வோல்ட் போதும். மீதி மூன்று வோல்ட்டைத் தாங்க வழியில் ஒரு மின்தடை வேண்டும். 220 ஓம் போட்டால் பதின்மூன்று, பதினான்கு மில்லி ஆம்பியர்தான் ஓடும், விளக்கு பிழைக்கும். பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதிதான். கையில் பெட்டி, எதிரில் ஆர்வம், மேசையில் கருகிய விளக்கு. எல்லாம் இருந்தும், "ஆடிட்ல யாரு பதில் சொல்றது? உங்கப்பாவா வந்து கட்டுவாரு?" என்று கத்தினேன். இரண்டு ரூபாய்ப் பொருளுக்கு. அவள் அப்பா கல்குவாரியில் வேலை பார்க்கிறவர் என்பது தெரிந்தும் கத்தினேன்.

அவள் கருகிய எல்.இ.டி.யை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். நானும் அதைக் காட்டிப் பெருமை பேசினேன்.

இந்த வருடம் பீரோவைத் திறந்திருக்கிறேன். சில ஒயர்களின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போர்டுகளைக் கொடுத்துவிடுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில் அந்த ஒரு வார்த்தை வாயில் வர ரொம்பச் சிரமமாக இருக்கிறது.

போன மாதம் ஓர் இரவு, அந்த 0.1-ஐத் தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டால் பெருக்கு, முழு எண்ணைத் தனியே எழுது, மீதியை மறுபடி பெருக்கு. 0.2, 0.4, 0.8, 1.6, 1.2. ஒன்றை எடுத்தால் மறுபடியும் 0.2. திரும்பத் திரும்ப அதே சுற்று. இரும எண்ணில் 0.1 முடிவே இல்லாமல் நீள்கிறது. கணினி ஓரிடத்தில் வெட்டித்தான் வைத்துக்கொள்ள முடியும், அந்த வெட்டுத்தான் கடைசியில் 4 ஆகத் தலைகாட்டுகிறது. இந்தப் பெருக்கல் முறை பிளஸ் ஒன் புத்தகத்தில், எண் முறைகள் பாடத்திலேயே இருக்கிறது. வருடாவருடம் நானே கரும்பலகையில் போட்டுக் காட்டியதுதான்.

சில நாள் கழித்து அவளைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். பி.காம். படிக்கிறாளாம். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று சிரித்தாள். அந்தக் கணக்கு எழுதிய தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. "நல்லா இருக்கேம்மா" என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை. அதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிட்டது.