நடுப் பக்கத்தைப் படிக்காதவர்

உறையின் ஓரத்தைக் கத்தரித்து, உள்ளிருந்த தாளை விரித்து, முதலில் மேல் மூலையைப் பார்த்தார். அங்கிருந்து நேரே கடைசிக்குப் போய் ‘இப்படிக்கு’ என்ற இடத்தைப் பார்த்தார். இடையில் இரண்டு பக்கம் நெருக்கி எழுதியிருந்தது. அதில் அவர் கண் நிற்கவே இல்லை. சென்னையில் அஞ்சல் துறையின் ஆர்.எல்.ஓ.வில் (சேர்க்க முடியாத கடிதங்களைக் கையாளும் ‘ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ்’), அவற்றைப் பிரிக்கும் ஓர் அம்மாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நான் வியந்தது இந்தக் கட்டுப்பாட்டைத்தான்.

அனுப்பியவர் முகவரி உறைமேல் இருந்தால் கடிதம் அவருக்கே திரும்பிவிடும். பெறுபவரும் கிடைக்காமல், அனுப்பியவரும் யாரென்று தெரியாதவைதான் இங்கே வருகின்றன. ‘லெஃப்ட்’, ‘நாட் நோன்’ என்று தபால்காரர் எழுதிய குறிப்புகள் உறைமேல் இருக்கும்.

உடனே பிரித்துவிடுவதில்லை. முகவரியைச் சரிசெய்ய முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ‘பிள்ளையார் கோயில் தெரு, சென்னை’ என்று மட்டும் இருந்தால் எந்தப் பிள்ளையார்? அதோடு இந்த ஊரில் பழைய எண், புதிய எண் குழப்பம் வேறு. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடு பெரிய துணை. ஆனால் 641 என்பதை 614 என்று எழுதினால் கோவைக் கடிதம் மன்னார்குடிப் பக்கம் போய்விடும். இலக்கம் இடம் மாறியிருப்பதை அந்த அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறார்.

“டெலிவரி ஆபீஸ்ல யாரும் பிரிக்கக் கூடாது சார். நாங்கதான் பிரிக்கலாம்” என்றார். அவர் வேலை பழகியது 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் கீழ். இதற்கென நியமிக்கப்பட்டு, ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்தான், அனுப்பியவரை அறிவதற்காக மட்டும் கடிதத்தைத் திறக்கலாம் என்றது அது. உள்ளே பணமோ விற்கக்கூடிய பொருளோ இருந்தால் ஓராண்டு காத்திருப்பு. உரிமை கோரி யாரும் வராவிட்டால் துறைக்குச் சேரும். கடிதங்களை அழித்துவிட வேண்டும். இவையும் அந்தச் சட்டம் சொன்னவைதான். 2023இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. அவர் கண்ணின் பழக்கம் மாறவில்லை.

மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் சுலபம். இருப்பிடம் உள்ளேயே அச்சாகியிருக்கும். திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் முகூர்த்தம் முடிந்திருக்கலாம், அவ்வளவுதான்.

மேலேயும் கீழேயும் ஒன்றும் அகப்படாதபோதுதான் நடுப் பக்கத்துக்கு வருகிறார், ஏதாவது ஊர்ப் பெயர் கிடைக்காதா என்று. நான் பார்த்த அந்தக் கடிதம் ‘அம்மா’ என்று முடிந்திருந்தது. மெதுவாக முழுக்கப் படித்தார். உள்ளே மாமா இருந்தார், சின்னவன் இருந்தான், மேலத்தெருக்காரர் இருந்தார். ஊர் மட்டும் இல்லை. பெற்ற பிள்ளைக்கு எழுதும்போது யார் ஊர்ப் பெயர் போடுவார்கள்?

“கம்பெனி லெட்டர்னா அட்ரஸ் அச்சடிச்சிருக்கும், திரும்பிடும். வீட்டு லெட்டர்தான் சார் நிக்குது” என்றார். இன்லாண்டு கடிதத்தில் அனுப்புபவர் முகவரிக்கென்றே இடம் அச்சிட்டிருக்கிறார்கள். கடையில் வாங்கும் வெள்ளை உறையில் அது கிடையாது. அந்தத் தாய் வாங்கியது வெள்ளை உறை.