மைக் செட் அண்ணாச்சி மன்னிக்கணும்

போன வருஷ ஆண்டு விழாவில் நம்ம பசங்க பாடிக்கொண்டிருந்தபோது நடுவில் ஸ்பீக்கர் கிழிந்த மாதிரி 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? "மைக் செட் சரியில்லல!" என்று பின்வரிசையில் கத்தியவர்களில் இதைப் படிக்கிற நீங்களும் இருக்கலாம். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சத்தம் நான் ஒரு மாதம் உட்கார்ந்து செய்தது.

மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் பாளையங்கோட்டையில் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். "ஏல, நீ ஈ.சி.ஈ. தானே? காலால மிதிச்சா கிட்டார் சத்தம் மாறுமே, அந்தப் பெட்டிய செஞ்சு தால" என்றான். கடையில் அது ஆயிரக்கணக்கில் விலை. எனக்கு ஒன்றும் தெரியாது; இருந்தும் 'சரி' என்று சொல்லிவிட்டேன். ஈ.சி.ஈ. மானம் ஒன்று இருக்கிறதல்லவா!

படித்துப் பார்த்தால் அந்தச் சத்தம் பிறந்ததே ஒரு பழுதில்தான். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் என்பவரின் பாட்டைப் பதிவு செய்தபோது மிக்ஸரில் ஒரு சேனல் கெட்டுப்போய், கிராடி மார்ட்டின் வாசித்த கிட்டார் கரகரத்தது. அதை அப்படியே விட்டு 1961-ல் வெளியிட்டார்கள், பாட்டு பிரபலமாகிவிட்டது. அந்தப் பழுதை டிரான்சிஸ்டரில் வேண்டுமென்றே உண்டாக்கி 1962-ல் 'ஃபஸ்-டோன்' என்று பெட்டியாகவே விற்றார்கள். 1966-ல் லண்டனில் வந்தது 'ஃபஸ் ஃபேஸ்'. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலடியில் இருந்தது அதுதான். உள்ளே என்ன இருக்கிறது? இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூணு கெப்பாசிட்டர், இரண்டு வால்யூம் கன்ட்ரோல். பிறகு வந்த மாடல்களில் போட்டது பிசி108. நம்ம லேபில் இருக்கிற பிசி107-க்குத் தம்பி!

லேபில் ஆம்ப்ளிஃபயர் எக்ஸ்பெரிமென்ட் செய்யும்போது இன்புட்டைக் கூட்டினால் அலையின் தலை வெட்டுப்படும். உடனே குறைக்கச் சொல்வார்கள். இங்கே அந்த வெட்டுதான் வேண்டும். ரெக்கார்டில் மார்க் குறைகிற விஷயத்துக்கு இங்கே கைதட்டல்.

ஜங்ஷன் பக்கம் ரேடியோ சாமான் கடையில் பிசி547 இரண்டு, மற்ற சாமான், 9 வோல்ட் பேட்டரி எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்தது. சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுத் திண்ணையில், ஞாயிற்றுக்கிழமை ஆத்துக்குக் குளிக்கக்கூடப் போகாமல் டாட் போர்டில் சால்டர் வைத்தேன். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் நாலரை வோல்ட் வர வேண்டும், இரண்டரைதான் வந்தது. 8.2 கே ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கே பிரீசெட் வைத்துத் திருகினேன், வந்துவிட்டது.

சோப்பு டப்பாவில் அடைத்து, கடன் வாங்கிய ஆம்ப்ளிஃபயரில் போட்டால் பாட்டு கேட்கிறது. கிட்டார் பாட்டு இல்லை, ரேடியோ பாட்டு! எங்க ஆச்சிக்கு ஒரே சந்தோஷம். "எய்யா, ரேடியோ செஞ்சிட்டியே!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் நாம் கம்யூனிகேஷன் பேப்பரில் படித்ததுதான்: வயர் ஏரியல் ஆகிறது, டிரான்சிஸ்டரின் ஜங்ஷன் டயோடு மாதிரி மத்திய அலையைப் பிரித்துக் கொடுக்கிறது. இன்புட்டில் ஒரு 100 பிக்கோஃபாரட் போட்டேன், பாதி குறைந்தது. மீதிக்கு உலோகப் பெட்டி வேண்டும்.

அப்பா கொத்தனார். மறுநாள் வேலையிலிருந்து வரும்போது, சுவருக்குள் ஸ்விட்ச் வைக்கப் புதைக்கிற சின்ன ஜி.ஐ. பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். "எத்தனையோ சுவத்துல வச்சுப் பூசிருக்கேன். கால் வச்சா தாங்குமா?" என்று அதன் மேல் ஏறியே நின்று பார்த்தார். நசுங்கவில்லை. அதில் ஆறு பின் அமுக்கு ஸ்விட்சை வைத்து, பெட்டியை எர்த்தோடு சேர்த்ததும் ரேடியோ அடங்கிவிட்டது. ஆச்சிக்குத்தான் வருத்தம்.

அட்மிஷனுக்குப் பிறகு அப்பா நம்ம கல்லூரிக்குள் வந்தது அந்த விழாவுக்குத்தான். நண்பன் பெட்டியை மிதித்தான். ஐந்து வினாடிகூட இருக்காது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று பதறி மைக் செட் அண்ணாச்சி கிட்டார் லைனையே இறக்கிவிட்டார். நண்பன் விரல் ஓடுகிறது, சத்தம் இல்லை. நீங்களெல்லாம் அண்ணாச்சியைத் திட்டினீர்கள். நான் எழுந்து "அது என் பெட்டி, அது அப்படித்தான் சத்தம் போடும்" என்று சொல்லியிருக்கலாம். அப்பா பக்கத்தில் இருந்தார். வாயே வரவில்லை.

அடுத்த வாரம் நண்பனை வீட்டுக்கு வரச்சொல்லி, அப்பாவுக்காக முழுசாக வாசிக்க வைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "இப்படித்தான் இருக்கணுமா?" என்றார்.

"ஆமாப்பா."

"அப்ப அந்த மைக் செட்டுக்காரர்ட்ட அன்னைக்கே ஏன்ல சொல்லல?"

இந்த மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். இந்த வருஷ விழாவுக்கும் அவர்தான் மைக் செட். பெட்டியும் வரும்.