கரண்ட் எத்தனை வழியில் வருகிறது

புதுக்கோட்டை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து முடித்தவன் அடுத்துச் செய்வது பாஸ்போர்ட் எடுப்பது. கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடி, அறந்தாங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் சிங்கப்பூரில் ஆள் இருக்கும் வீடுகள்தான். நானும் அப்படித்தான் ஜூரோங் தீவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏழு சிறு தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து ஒன்றாக்கி, 2000-இல் திறந்துவைத்த தீவு அது. எங்கு பார்த்தாலும் எண்ணெய், ரசாயன ஆலைகள். தீப்பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது.

பர்ஜ் பேனலை அங்கேதான் முதலில் பார்த்தேன். ரிலே, காண்டாக்டர் எல்லாம் ஒட்டிப் பிரியும்போது பொறி தட்டும். நம் வீட்டு மோட்டார் ஸ்டார்ட்டரில் அது ஒன்றுமில்லை. வாயு கசியக்கூடிய இடத்தில் அதுவே வெடி. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் பற்றும். ஹைட்ரஜனுக்கு 4 சதவீதமே போதும். அதனால் பெட்டிக்குள் சுத்தமான காற்றைச் செலுத்தி, வெளியே இருப்பதைவிட அழுத்தம் ஒரு பிடி கூடுதலாக இருக்கும்படி வைத்திருப்பார்கள். வாயு உள்ளே நுழைய வழியில்லை. அந்தக் கூடுதல் எவ்வளவு தெரியுமா? முதல் தரப் பெட்டிக்கு 50 பாஸ்கல், அதாவது 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். இவ்வளவுதானா என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

மன்னார்குடிக்காரர் ஒருவர் ஃபோர்மேன். நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சுவிட்சைப் போடுவதற்கு முன் பெட்டிக்குள் ஏற்கெனவே புகுந்திருக்கும் வாயுவை வெளியேற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 600-க்கு 800-க்கு 300 மில்லிமீட்டர் பெட்டி என்றால் 144 லிட்டர். குறைந்தது ஐந்து மடங்கு காற்று உள்ளே போய் வெளியேற வேண்டும்: 720 லிட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் போனால் 12 நிமிடம். டைமர் அதுவரை கரண்ட்டை விடாது. "ஒயரக் கட்டுக் கட்டா அள்ளி காத்து வர்ற வழில போட்டு வெச்சா, மூலைல வாயு அப்படியே நிக்கும் தம்பி. டைமருக்கு அது தெரியுமா?" என்பார். ஒயரிங் அழகாக இருக்க வேண்டும் என்று ஐ.டி.ஐ.யில் சொன்னார்கள். காற்றுக்கு வழிவிட்டு இருக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார்.

ஒருநாள் கேட்டார்: "அழுத்தம் போச்சுன்னா என்ன ஆவும்?"

"ட்ரிப் ஆயிடும்ணே."

"எல்லாமா?"

டிராயிங்கை விரித்தார். மெயின் சப்ளை ட்ரிப் ஆகும், சரி. ஈரம் படியாமல் இருக்க உள்ளே வைத்த ஹீட்டருக்கு லைட்டிங் போர்டிலிருந்து தனி லைன். கன்ட்ரோலருக்கு யு.பி.எஸ். அலாரம் காண்டாக்ட்டுக்கு வேறொரு பேனலிலிருந்து வோல்டேஜ். மெயின் போனாலும் இவை மூன்றும் பெட்டிக்குள் உயிரோடு இருந்தன. ஹீட்டர் லைனையும் யு.பி.எஸ். லைனையும் அதே பிரஷர் சுவிட்ச் வெட்டும்படி மாற்றினோம். அலாரம் லைனுக்கு, பொறி பற்றாத அளவுக்குக் கரண்ட்டைக் குறைக்கும் இன்ட்ரின்சிக் பேரியர் போட்டோம். அந்தப் பிரஷர் சுவிட்ச் மட்டும் காற்றுப் போன பிறகும் வேலை செய்தாக வேண்டும். ஆகவே அது, உள்ளே வெடித்தாலும் தீ வெளியே வராத ஃபிளேம்புரூஃப் பெட்டி போல வேறு பாதுகாப்பில் இருக்கும். அதற்குப் போகும் டியூபில் வால்வு வைக்கவே கூடாது. யாராவது மூடிவிட்டால் பழைய அழுத்தத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

கஜா புயல் அடித்தபோது, 2018 நவம்பர், நான் விடுப்பில் ஊரில் இருந்தேன். தென்னை மொத்தமும் சாய்ந்து கிடந்தது. கம்பங்களும்தான். வெளிமாவட்டத்து மின்வாரிய ஆட்கள் வந்து, தெருவில் கிடந்து, எங்களுக்கு லைன் இழுத்தார்கள். தண்ணீருக்காக ஊரெல்லாம் வாடகை ஜெனரேட்டர். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் போர்டில் நேராக மாட்டிவிட்டால், அந்தக் கரண்ட் மீட்டர் வழியே வெளியேறி, டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, செத்த லைன் என்று நம்பிக் கம்பத்தில் நிற்பவனைப் போய் அடிக்கும். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் மெயினைக் கழற்றிவிட்டுத்தான் ஜெனரேட்டரை ஓட்ட விட்டேன். "ஒனக்கு எதுக்குய்யா இம்புட்டு கெடுபிடி" என்று சித்தப்பா சலித்துக்கொண்டார். மன்னார்குடி அண்ணன் விரித்த அந்த டிராயிங்தான் எனக்குக் கண்ணில் நின்றது.

அதற்கு முந்தைய வருடம் நெடுவாசல். ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து 2017 பிப்ரவரியில் அங்கே நாடியம்மன் கோயில் திடலில் சனம் உட்கார்ந்தபோது நான் டார்மிட்டரியில் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ அந்த மாதிரி எடத்துலதான வேல பாக்குற, பயப்பட என்ன இருக்கு?" என்று கூட இருந்தவர் கேட்டார். வேலை பார்ப்பதால்தான் பயம் என்றேன். ஒழுங்காகச் செய்த பெட்டி காக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது தினமும் ஒழுங்காக இருக்கிறதா என்று வேலிக்கு வெளியே பலாவும் மல்லிகையும் போட்டிருப்பவன் எப்படிப் பார்ப்பான்? யாரைக் கேட்பான்? இப்படிப்பட்ட புதிய திட்டங்களைத் தடுக்க 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்கள் சேர்ந்தபோது எனக்கு வந்த நிம்மதி, அந்த வேலை தெரிந்தவனுக்கு வந்த நிம்மதி.

பின்னாளில் வேறோர் ஆலையில் பைபாஸ் சாவி பூட்டிலேயே தொங்கக் கண்டேன். அழுத்தம் இல்லாமலே பெட்டியை ஓட்டுவதற்கான சாவி. வாயு இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்து, பெர்மிட் எழுதி, பழுது பார்க்கிற நேரத்துக்கு மட்டும் போட வேண்டியது. திறந்தால், கிளாண்ட் இல்லாத ஓட்டை ஒன்றில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. காற்று அதன் வழியே போய்க்கொண்டிருக்க, அழுத்தம் நிற்காமல் அடிக்கடி ட்ரிப். தொல்லை தாங்காமல் சாவியைத் திருப்பிவிட்டார்கள். உலோக பிளக் ஒன்றை மாட்டி, சோப்பு நுரை தடவிப் பார்த்து, கேபிள் கிளாண்டுகளை முறுக்கிய பிறகு அழுத்தம் தானாக நின்றது. ஒரு பிளக்குக்காக ஆட்களின் உயிரைப் பணயம் வைத்திருந்தார்கள். கோபத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா மகன் இப்போது ஜூரோங்கில். போன வாரம் கூப்பிட்டான். "மாமா, பேனல் ஷட்டவுன் குடுத்துட்டாங்க, தொறக்கலாமா?" டிராயிங்கைக் கையில் எடு, எத்தனை இடத்திலிருந்து சப்ளை வருகிறது என்று எண்ணு, ஒவ்வொன்றுக்கும் உன் பூட்டைப் போடு, கதவில் எழுதியிருக்கிற நேரம்வரை பொறு, அப்புறம் டெஸ்டரை வை என்றேன். எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டான். நாலு லைன். ஷட்டவுன் கொடுத்திருந்தது மூன்றுக்குத்தான்.